வாட்சுக்கு எடை தெரியாது: ஜிம்மில் ஸ்மார்ட்வாட்சை உருப்படியாகப் பயன்படுத்துவது எப்படி?

கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட்வாட்சுக்கு ஜிம்முக்குள் மூன்று விஷயங்கள்தான் தெரியும். கை எப்படி அசைகிறது, நாடி எப்படித் துடிக்கிறது, நேரம் எவ்வளவு ஆனது. பாரில் 40 கிலோ ஏற்றியிருக்கிறீர்களா, 80 கிலோ ஏற்றியிருக்கிறீர்களா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. ஓடுகிறவர்களுக்கு இது ஒரு குறையே இல்லை. தூரமும் வேகமும் ஜி.பி.எஸ். வழியாகத் தானே வந்து விழுந்துவிடும். எடை தூக்குகிறவருக்கு முன்னேற்றம் என்பதே எடையிலும் ரெப்பிலும், அதாவது ஒரே அசைவை எத்தனை முறை செய்கிறோம் என்பதிலும்தான் இருக்கிறது. அந்த எடையை நாம்தான் வாட்சுக்குச் சொல்ல வேண்டும்.

இதைச் செய்யாமல், உள்ளே நுழைந்ததும் ‘ஸ்ட்ரென்த்’ என்று தட்டிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து நிறுத்தினால் என்ன கிடைக்கும்? ஒரு கலோரி எண்ணும், ஏறி இறங்கும் ஒரு இதயத்துடிப்புக் கோடும். மூன்று மாதம் கழித்து அதைப் பார்த்தால் பலம் கூடியதா, அப்படியே நிற்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே சொல்வதெல்லாம் அந்த எடையையும் ரெப்பையும் பயிற்சி கெடாமல் வாட்சுக்குள் கொண்டுபோவதற்கான வழிகள்.

எங்கே கட்டுவது

மணிக்கட்டின் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பைத் தொட்டுப் பாருங்கள். வாட்ச் அதன் மேலேயே உட்காரக் கூடாது. அங்கிருந்து முழங்கைப் பக்கமாக இரண்டு விரற்கடை தள்ளிக் கட்டுங்கள். வாட்சைப் பிடித்து லேசாக நகர்த்தினால் அடியில் உள்ள தோலும் சேர்ந்து நகர வேண்டும். சாதாரண நேரத்தில் கட்டுவதைவிட ஒரு துளை இறுக்கம் போதும். விரல் மரத்துப்போனால் இறுக்கம் அதிகம். பயிற்சி முடிந்ததும் பழைய துளைக்கே மாற்றிவிடுங்கள்.

இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. வாட்சின் அடியில் எரியும் பச்சை ஒளியை ரத்தம் உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தின் அளவு மாறுவதால் திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் சென்சார் துடிப்பாக எண்ணுகிறது. பாரை இறுக்கிப் பிடித்ததும் முன்கைத் தசையும் நரம்பும் புடைத்து, தோலுக்கடியில் ரத்த ஓட்டம் நெருக்கப்படுகிறது. வாட்சும் ஒரு ஓரத்தில் தூக்கிக்கொள்கிறது. தரையிலிருந்து பாரைத் தூக்கும் டெட்லிஃப்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது திரையில் 88 என்று காட்டுவது இதனால்தான். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை, சென்சாருக்குப் பார்வை மறைந்துவிட்டது, அவ்வளவுதான். பிடி இறுகும் பயிற்சிகளான டெட்லிஃப்ட், புல்-அப், பைசெப்ஸ் கர்ல் ஆகியவற்றில் இது அதிகம் நடக்கும். ஏ.சி. ஜிம்மில் உடல் சூடேறாத முதல் சில நிமிடங்களிலும் எண் தாறுமாறாக வரும். குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கியிருப்பதே காரணம். ஐந்து முதல் பத்து நிமிடம் வார்ம்-அப் செய்தால் சரியாகிவிடும். மணிக்கட்டில் அடர்த்தியான டாட்டூ இருந்தால் ஒளி உள்ளே போகாது, அடுத்த கையில் கட்டுங்கள்.

புஷ்-அப்பில் வேறு தொல்லை. கை பின்னால் மடங்கும்போது புறங்கை வாட்சின் பக்கவாட்டு பட்டன்களை அழுத்தும். ஆப்பிள் வாட்சில் கிரவுன் என்ற திருகு பட்டன் அழுந்தி, ‘சிரி’ என்ற குரல் உதவியாளர் பேச ஆரம்பிக்கும். பக்க பட்டன் நீண்ட நேரம் அழுந்தினால் அவசர அழைப்புக்கான கவுண்ட்டவுனே தொடங்கிவிடும். செட்டிங்ஸில் ஓரியன்டேஷனுக்குப் போய், கிரவுன் முழங்கைப் பக்கம் வரும்படி திருப்பிக் கட்டிக்கொள்ளுங்கள். திரை தானே நேராகத் திரும்பும். கார்மின் போன்ற வாட்சுகளில் பயிற்சி நேரத்தில் மட்டும் தொடுதிரையை அணைத்து வைக்கலாம். வியர்வைத் துளியும் துண்டும் பட்டு, திரை தானாக மாறுவது இதனால் நிற்கும்.

கைப்பிடி வைத்த குண்டான கெட்டில்பெல்லை வீசித் தூக்கும் கிளீன், ஸ்நாட்ச் பயிற்சிகளைச் செய்வதாக இருந்தால் வாட்சைக் கழற்றிவிடுங்கள். குண்டு வந்து அமரும் இடம் முன்கையின் வெளிப்பக்கம், அதாவது வாட்ச் இருக்கும் அதே இடம். கண்ணாடி உடையாவிட்டாலும் எலும்பு கன்றிப்போகும். மணிக்கட்டுக்குப் பிடிமானமாக ரிஸ்ட் ராப் என்ற பட்டையைச் சுற்றிக் கட்டுகிறவர்கள் வாட்சை அதற்கு மேலே முழங்கைப் பக்கம் ஏற்றிக் கட்டுங்கள். வாட்சின் மேலேயே ராப்பைச் சுற்றினால் பட்டன் அழுந்தும், பட்டையின் கொக்கி தோலில் பதியும்.

நம் ஊர் ஈரக் காற்றில், ஃபேன் மட்டும் சுழலும் ஜிம்மில், பட்டைக்கடியில் வியர்வை ஒரு மணி நேரம் தேங்கினால் அரிப்பும் சிவப்புத் தடிப்பும் வரும். லெதர் பட்டை ஜிம்முக்கு ஆகாது. சிலிக்கான் அல்லது நைலான் பட்டை போட்டு, வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துடைத்த பிறகே கட்டுங்கள். சென்சார் கண்ணாடியில் படியும் உப்புப் படலத்தையும் சார்ஜ் ஏறும் புள்ளிகளையும் சேர்த்துத் துடைக்க வேண்டும்.

போவதற்கு முன்பே பட்டியல்

இடைவிடாமல் செய்யும் சில ரெப்கள் சேர்ந்தது ஒரு செட். செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே சின்னத் திரையில் பயிற்சியின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தால் இரண்டே நாளில் அலுத்துப்போகும். பாதிப் பேர் பதிவு செய்வதைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். அன்றைய பயிற்சிகளை முன்கூட்டியே போனில் பட்டியலிட்டு வாட்சுக்கு அனுப்பிவிடுங்கள்.

கார்மின் வைத்திருப்பவர்கள் கனெக்ட் ஆப்பில் ஒர்க்கவுட்ஸ் பகுதிக்குப் போய் ஸ்ட்ரென்த் வகையில் புதிதாக ஒன்று உருவாக்கலாம். பயிற்சி, ரெப், எடை, ரெஸ்ட் நேரம் நான்கையும் அங்கேயே கொடுத்து வாட்சுக்கு அனுப்பலாம். ஆப்பிள் வாட்சோடு வரும் ஒர்க்கவுட் ஆப்பில் ‘டிரெடிஷனல் ஸ்ட்ரென்த் டிரெயினிங்’ என்ற வகை உண்டு. நேரம், துடிப்பு, கலோரி ஆகியவை பதிவாகும், செட்டும் எடையும் எழுத அதில் இடமில்லை. அதற்கு ஸ்ட்ராங், ஹெவி போன்ற ஆப்களில் ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஆப்பிள் வாட்சில் ஒரு நேரத்தில் ஒரு ஒர்க்கவுட்தான் ஓடும். ஹெவியில் தொடங்கிவிட்டு ஒர்க்கவுட் ஆப்பையும் திறந்து தட்டினால் முதலாவது நின்றுவிடும். கூகுளின் வேர் ஓ.எஸ். மென்பொருளில் ஓடும் வாட்சுகளிலும் ஹெவி இருக்கிறது.

விலை மலிவான வாட்சுகளில் ‘நூறு ஸ்போர்ட்ஸ் மோடு’ என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அந்த நூறும் பெயர் மாற்றிய ஒரே ஸ்டாப்வாட்ச்தான். அப்படிப்பட்ட வாட்ச் என்றால் அதை ரெஸ்ட் டைமராக மட்டும் வைத்துக்கொண்டு, எடையும் ரெப்பும் ஒரு பாக்கெட் நோட்டில் எழுதுங்கள். பதிவு என்ற அளவில் அந்த நோட்டு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

பட்டியல் போடும்போதே எடைக் கணக்கை ஒரு முறை தீர்மானித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் கணக்கு இடிக்கும். ஒலிம்பிக் பார் ஆண்களுக்கானது 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. ஆனால் தெருமுனை ஜிம்மில் கிடக்கும் பார் எல்லாம் அந்த அளவில் இருப்பதில்லை. உடல் எடை பார்க்கும் மெஷினில் பாரோடு ஒரு முறையும் பார் இல்லாமல் ஒரு முறையும் ஏறி நின்று கழித்துப் பாருங்கள். டம்பல் பயிற்சிக்கு ஒரு டம்பலின் எடையை எழுதுவதா, இரண்டையும் கூட்டி எழுதுவதா? எது வேண்டுமானாலும் சரி, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாற்றாமல் இருங்கள். டம்பலில் எண் பவுண்டில் பொறித்திருந்தால் 2.2 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 45 பவுண்டு என்பது ஏறக்குறைய 20.4 கிலோ. கேபிள் மெஷினில் எழுதியிருக்கும் எண்ணை இன்னொரு மெஷினோடு ஒப்பிடக் கூடாது. கப்பிகளின் அமைப்பைப் பொறுத்து கையில் வரும் இழுவை பாதியாகக்கூடக் குறையும். ஜிம் மாறினால் கேபிள் பயிற்சிகளுக்குப் புதுக் கணக்கு தொடங்குவதே நல்லது.

ஒரு செட், தொடக்கம் முதல் முடிவு வரை

கார்மின் வாட்சில் 50 கிலோ பெஞ்ச் பிரஸ், 8 ரெப் என்று வைத்துக்கொள்வோம்.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஸ்ட்ரென்த் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதயத்துடிப்பு எண் வந்து நிலைக்கும்வரை சில நொடி பொறுத்து மறுபடி ஸ்டார்ட். படுத்து, பாரைப் பிடித்து, அது தாங்கி நிற்கும் ரேக்கிலிருந்து எடுத்து, எட்டு ரெப். பாரைத் திரும்ப வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்த பிறகு, செட் முடிந்தது என்று குறிக்கும் லேப் பட்டனை அழுத்துங்கள். இப்போது ரெஸ்ட் ஓட ஆரம்பிக்கும். திரையில் 9 ரெப் என்று இருக்கிறது. நீங்கள் செய்தது எட்டுதான். ஒன்பதாவது எங்கிருந்து வந்தது? பாரை ரேக்குக்குத் திரும்பக் கொண்டுபோன அசைவை வாட்ச் இன்னொரு ரெப்பாக எடுத்துக்கொண்டது. எண்ணை 8 ஆக்குங்கள், அடுத்த திரையில் எடை 50, சரி. பழகிவிட்டால் பத்து நொடி வேலை. ரெஸ்ட் முடிந்ததும் மறுபடி லேப், அடுத்த செட்.

வாட்ச் ரெப்பை எண்ணுவது அசைவையும் திரும்பலையும் அளக்கும் முடுக்கமானி, கைரோஸ்கோப் என்ற சென்சார்களை வைத்து. வாட்ச் கட்டிய கை கிளம்பிய இடத்துக்கே திரும்பினால் ஒரு ரெப். அசைவு பெரிதாகவும் ஒரே சீராகவும் இருந்தால் பிழை குறையும். ஷோல்டர் பிரஸ், லேட் புல்டவுன், பைசெப்ஸ் கர்ல் ஆகியவற்றில் நன்றாகவே எண்ணும். லெக் பிரஸ், லெக் எக்ஸ்டென்ஷன், காஃப் ரெய்ஸ் செய்யும்போது கை கைப்பிடியில் சும்மா இருக்கிறது, வாட்சுக்கு எண்ணுவதற்கு எதுவும் இல்லை. கால் பயிற்சிகள் எண்ணப்படாமல் போகலாம் என்று கார்மின் கையேடே சொல்லிவிடுகிறது. முதல் சில ரெப் ஆன பிறகுதான் திரையில் எண் தோன்றும் என்பதால், மூன்று ரெப் டெட்லிஃப்ட் செட்டில் பூஜ்யம் காட்டினாலும் குழம்ப வேண்டாம். ஆகவே வாய்க்குள் எண்ணுவதை விட்டுவிடாதீர்கள். கணக்கு உங்களுடையது, வாட்சின் எண் ஒரு சரிபார்ப்பு.

ரெப் நடக்கும்போது திரையைப் பார்ப்பது ஆபத்து. தலைக்கு மேலே டம்பல் இருக்கும்போது மணிக்கட்டைத் திருப்பினால் எடை சாயும், தோள்தான் அதைத் தாங்க வேண்டிவரும். வாட்சைத் தொடுவது செட் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் மட்டும்தான்.

செட் தொடங்குவதையும் முடிவதையும் தானே கண்டுபிடிக்கும் வசதி சில வாட்சுகளில் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். பிளேட்டைத் தூக்கி மாட்டுவதையும் துண்டால் முகம் துடைப்பதையும் அது செட் என்று எழுதிவிடும். பார்பெல் பயிற்சிக்கு அதை அணைத்துவிட்டு லேப் பட்டனை நம்புவதே மேல்.

ஸ்ட்ராங், ஹெவி ஆப்களில் முறை இன்னும் சுருக்கம். போன தடவை செய்த எடையும் ரெப்பும் முன்னாலேயே நிற்கும். மாறியிருந்தால் எண்ணைத் தட்டி கிரவுனால் திருத்தி, டிக் அடித்தால் செட் பதிவாகி ரெஸ்ட் டைமர் தானே ஓடும். முந்தைய எண் கண் முன்னால் இருப்பதுதான் இதில் பெரிய லாபம். 50 கிலோவில் போன வாரம் 8, 8, 7 என்று இருந்தால் இன்றைக்கு மூன்றாவது செட்டில் எட்டாவதைத் தொட வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

ரெஸ்ட்: வாட்ச் பிழையில்லாமல் செய்யும் ஒரே வேலை

நேரம் பார்ப்பதில் வாட்சை அடிக்க ஆளில்லை. ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச் போன்ற பெரிய பயிற்சிகளுக்கு 2 முதல் 3 நிமிடம், கர்ல், லேட்டரல் ரெய்ஸ் போன்ற சிறியவற்றுக்கு 60 முதல் 90 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கனமான செட்டில் தசை உடனடிச் சக்திக்காக எரிக்கும் பாஸ்போகிரியேட் என்ற சேமிப்பின் பெரும்பகுதி மீள்வதற்கு மூன்று நிமிடம்போல ஆகும். அதற்கு முன் பாரைத் தொட்டால் தசைக்குப் பலம் இருந்தும் ரெப் குறையும்.

முன்னேற்றத்தைக் கணக்கிடுகிறவருக்கு இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. போன வாரம் மூன்று நிமிடம் ரெஸ்ட் எடுத்து 8 ரெப், இந்த வாரம் கூட்டம் அதிகம் என்று ஒன்றரை நிமிடத்தில் 6 ரெப். பதிவைப் பார்த்தால் பலம் குறைந்த மாதிரி தெரியும், உண்மையில் குறைந்தது ரெஸ்ட். ஒவ்வொரு பயிற்சிக்கும் ரெஸ்ட் நேரத்தைப் பட்டியலிலேயே எழுதிவைத்து, எப்போதும் அதையே கடைப்பிடியுங்கள். அலாரம் ஒலி பாட்டுச் சத்தத்தில் கேட்காது, வைப்ரேஷனை வலுவாக வையுங்கள்.

துடிப்பு 110க்கு இறங்கியதும் அடுத்த செட் என்று சிலர் செய்கிறார்கள். பல பயிற்சிகளை அடுத்தடுத்து வேகமாகச் செய்யும் சர்க்யூட் பயிற்சிக்கு அது சரிப்படும். கனமாகத் தூக்கும் நாளில் துடிப்பு இறங்கிவிட்டது என்பதால் தசை தயாராகிவிட்டது என்று பொருள் இல்லை.

கலோரியும் துடிப்பும்

கலோரி எண்ணை நம்பிச் சாப்பாட்டைக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேரை வைத்து ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். துடிப்பை அளப்பதில் ஏழில் ஆறின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியில் மிகச் சிறந்த கருவிக்கே 27 சதவீதப் பிழை, மிக மோசமானதற்கு 93 சதவீதம். அந்தச் சோதனையும் நடை, ஓட்டம், சைக்கிள் போன்ற சீரான பயிற்சிகளில் நடந்தது. எடைப் பயிற்சியில் வாட்சின் கணக்கு இன்னும் தடுமாறும். மூச்சைப் பிடித்து ஸ்குவாட் செய்யும்போது ரத்த அழுத்தமும் துடிப்பும் எகிறும், ஆனால் உடல் எரிக்கும் ஆக்சிஜன் அதே அளவில் கூடுவதில்லை. வாட்சோ துடிப்பை வைத்துத்தான் கலோரியை ஊகிக்கிறது.

அதே காரணத்தால், துடிப்பின் வேகத்தை வைத்து வாட்ச் பிரித்துக் காட்டும் துடிப்பு மண்டலங்களைப் பார்த்து எடைப் பயிற்சியை எடைபோட வேண்டாம். ஐந்து ரெப் கனமான ஸ்குவாட் முடிய இருபது நொடிதான். சென்சார் சராசரி எடுத்துக் காட்டுவதால் உச்சத் துடிப்பு பாரை ரேக்கில் வைத்த பிறகே திரைக்கு வரும். சர்க்யூட்டும் ரோயிங்கும் கலந்து செய்கிறவர்களுக்குத் துல்லியமான துடிப்பு தேவை. அவர்கள் போலார் எச்10 போன்ற மார்புப் பட்டையை வாங்கி புளூடூத்தில் இணைக்கலாம். அது இதயத்தின் மின்துடிப்பையே அளப்பதால் பிடி இறுகுவது அதைப் பாதிக்காது. கட்டும் முன் உள்பக்கப் பட்டைகளைத் தண்ணீரில் நனைக்க மறந்தால் முதல் பத்து நிமிடம் தப்பான எண்தான் வரும். வெறும் எடை தூக்குவதற்கு மட்டும் என்றால் அந்தப் பணத்தைச் செலவழிக்கத் தேவையில்லை.

இன்னொரு கண்டிப்பான விஷயம்: ரத்த அழுத்தம், இதய நோய் போன்றவற்றுக்கான பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு மருந்தால் அடங்கியிருக்கும், திரையில் எண் குறைவாக இருப்பதைப் பார்த்துச் சுமை குறைவு என்று நினைக்கக் கூடாது. நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் திரையில் என்ன எண் இருந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். தங்கள் வாட்சால் மாரடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது என்று ஆப்பிள் நிறுவனமே அறிவித்திருக்கிறது.

வாரத்தில் ஒரு நாள் பதிவைப் படிப்பது

தினமும் வரைபடத்தை நோண்ட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு பெரிய பயிற்சிக்கும் இரண்டு கணக்கு பாருங்கள்.

முதலாவது மொத்தச் சுமை: எடையை மொத்த ரெப்பால் பெருக்குவது. முதல் வாரம் பெஞ்சில் 50 கிலோவில் 8, 8, 7 ரெப் என்றால் 23 × 50 = 1150 கிலோ. நான்காவது வாரம் 52.5 கிலோவில் 8, 7, 7 என்றால் 22 × 52.5 = 1155 கிலோ. மொத்தச் சுமையை மட்டும் பார்த்தால் ஒரு மாதம் வீண் என்று தோன்றும்.

இரண்டாவது கணக்கு, ஒரே ஒரு ரெப் மட்டும் தூக்கினால் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்ற மதிப்பீடு. எப்லி சூத்திரம் எளிது: ரெப்பை 30ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்குங்கள். முதல் வாரத்தின் நல்ல செட்டுக்கு 63.3 கிலோ, நான்காவது வாரத்துக்கு 66.5 கிலோ. மூன்று கிலோவுக்கு மேல் பலம் கூடியிருக்கிறது. ஆப்கள் இதைத் தாமே போட்டுக் காட்டும். பத்து ரெப்புக்கு மேற்பட்ட செட்களில் இந்த மதிப்பீடு நம்பகமாக இருக்காது.

இவற்றோடு ஒவ்வொரு பயிற்சியின் கடைசி செட்டிலும் ‘இன்னும் எத்தனை ரெப் முடிந்திருக்கும்’ என்று ஒரு எண்ணைக் குறிப்பில் போடுங்கள். 8 ரெப் செய்து இரண்டு பாக்கி இருந்ததற்கும், எட்டாவது ரெப்பில் பார் நடுவழியில் நின்று நண்பர் கைகொடுத்ததற்கும் வாட்சில் வித்தியாசம் தெரியாது. வாட்ச்ஓஎஸ் 11 முதல் ஆப்பிள் வாட்சில் பயிற்சி முடிந்ததும் 1 முதல் 10 வரை முயற்சி மதிப்பெண் போட முடிகிறது. எடைப் பயிற்சிக்கு அதை நீங்களே மனம் ஒப்பிப் போடுங்கள்.

எடையைக் கூட்டும் விதியை முன்பே முடிவு செய்துவிடுங்கள். மூன்று செட்டிலும் 10 ரெப் வந்துவிட்டால் அடுத்த தடவை 2.5 கிலோ கூட்டி 8 ரெப்பிலிருந்து தொடங்குவது என்பது பலருக்கும் ஒத்துவரும் முறை. அதற்குப் பக்கத்துக்கு ஒரு 1.25 கிலோ பிளேட் வேண்டும். ஜிம்மில் இல்லை என்றால் ஒரு ஜோடி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், வாட்சைவிட அதிகம் உதவும். எண்கள் தொடர்ந்து இரண்டு வாரம் இறங்கினால் வாட்சில் தூக்கத்தையும் ஓய்வுநிலைத் துடிப்பையும் பாருங்கள். ஓய்வுநிலைத் துடிப்பு வழக்கத்தைவிடப் பல நாள் தொடர்ந்து உயர்ந்து, தூக்கமும் குறைந்திருந்தால் ஒரு வாரம் செட்களைப் பாதியாக்குங்கள்.

பதிவில் தவறு இருந்தால் அன்றைக்கே திருத்துவது நல்லது. கார்மின் வாட்ச் எடையை உடலை நோக்கி இழுக்கும் ‘ரோ’ பயிற்சியை கர்ல் என்று எழுதியிருந்தால் கனெக்ட் ஆப்பில் அந்தச் செட்டைத் திறந்து பயிற்சியின் பெயரை மாற்றலாம். ஸ்ட்ராங், ஹெவி இரண்டிலும் முழுப் பதிவையும் எக்செல் போன்றவற்றில் திறக்கும் சி.எஸ்.வி. கோப்பாக எடுக்க முடியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து மெயிலில் போட்டுவைத்தால் வாட்சோ ஆப்போ மாறினாலும் பழைய எண்கள் கையில் இருக்கும்.